அதிர்ஷ்டமா, அவதானமா? தொலைக்காட்சிப் போட்டிகளில் மறக்க முடியாத கணங்கள்

கொட்டகலைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாட்களாகக் கொட்டகலையில் மழை விடவில்லை. வெளியே இறங்க வழியில்லாததால் பழைய தொலைக்காட்சிப் போட்டிகளைப் பற்றித் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஒரு சம்பவம் மனதை விட்டு அகலவில்லை. அதை இங்கே எழுதிவிட்டு, உங்கள் நினைவில் நிற்கும் அதிர்ஷ்டக் கணங்களையும் துரதிர்ஷ்டக் கணங்களையும் கேட்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியில் 'பிரஸ் யுவர் லக்' என்றொரு போட்டி நடந்துகொண்டிருந்தது. பெரிய பலகை ஒன்றில் 18 கட்டங்கள் இருக்கும். அவற்றின் மேல் ஒரு வெளிச்சம் தாவித் தாவி ஓடும். போட்டியாளர் பொத்தானை அழுத்தும்போது வெளிச்சம் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதிலுள்ள பணம் அவருக்குச் சேரும். 'வாமி' என்ற சிவப்புக் குட்டிப் பிசாசின் கட்டத்தில் நின்றுவிட்டாலோ, அதுவரை சேர்த்தது அத்தனையும் பறிபோகும். ஒஹையோ மாநிலத்தில் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மைக்கல் லார்சன் என்பவர் இந்த நிகழ்ச்சியை டெக்கில் பதிவுசெய்து, நாடாவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வெளிச்சம் கண்டபடி ஓடவில்லை, ஐந்தே ஐந்து ஒழுங்குகளில்தான் மாறி மாறி ஓடுகிறது என்பதைக் கண்டுகொண்டார். இரண்டு கட்டங்களில் வாமி வருவதே இல்லை என்பதும், அவற்றில் பணத்தோடு இன்னொரு வாய்ப்பும் கிடைக்கிறது என்பதும் அவருக்குப் புரிந்தது.

அவர் போட்டிக்குப் போய் முதன்முதலில் பொத்தானை அழுத்தியபோது விழுந்தது வாமிதான். அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. தொகுப்பாளர் திகைத்து நிற்க, மறுபடி மறுபடி அந்த இரண்டு கட்டங்களிலேயே வெளிச்சத்தை நிறுத்தி, 110,237 டொலர் வென்றார். பணத்தைக் கொடுக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். ஆனால் அவர் எந்த விதியையும் மீறியிருக்கவில்லை என்பதால் கொடுத்தே ஆகவேண்டியதாயிற்று.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாமா? நிகழ்ச்சியின் பெயரிலேயே அதிர்ஷ்டம் இருக்கிறது. ஜெயித்தவரிடம் அது இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

பதுளைக் கணக்கு மாஸ்டர்

நல்ல இழை, தம்பி. என் கணக்கில் லார்சனுக்குக் கிடைத்தது கூலி. அதை அதிர்ஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் ஒரு பாடத்தைப் பல மாதங்கள் படித்துப் பரீட்சை எழுதினார். பரீட்சைத்தாளை அச்சடித்தவர்கள் ஐந்து வினாக்களையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள் என்றால் அது அவருடைய குற்றமில்லை.

அதே வகையில் இன்னொருவர் உண்டு. 'த பிரைஸ் இஸ் ரைட்' என்ற அமெரிக்க நிகழ்ச்சியில், மேடையில் காட்டப்படும் பொருட்களின் மொத்தச் சந்தை விலையை மதிப்பிட வேண்டும். உண்மை விலையைத் தாண்டாமல் அதற்கு மிக அருகில் சொல்பவர் வெல்வார். 2008இல் டெரி நீஸ் என்பவர் 23,743 டொலர் என்றார். உண்மை விலையும் 23,743 டொலர்தான். ஒரு டொலர் கூடவுமில்லை, குறையவுமில்லை. யாரோ விடையைக் கசியவிட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் தொகுப்பாளர் ட்ரூ கேரி முகத்தில் ஈயாடாமல் அந்த முடிவை வாசித்தார். நீஸோ அந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து பதிவுசெய்து பார்த்து, ஒரே பொருட்கள் அதே விலைகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தவர். அவர் முன்பு தொலைக்காட்சியில் வானிலை சொன்னவர் என்பது கூடுதல் தகவல். வானிலை சொல்லும் ஒருவரின் கணிப்பு இவ்வளவு துல்லியமாக இருந்ததை, மூன்று நாள் மழையில் நனைந்துகொண்டிருக்கும் கொட்டகலைக்காரர் நம்புவாரோ தெரியாது.

அப்புத்தளை மேகம்

நீங்கள் இருவரும் வென்றவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். தோற்ற ஒருவரைப் பற்றி நான் எழுதுகிறேன். என் அத்தை, அப்பாவின் தங்கை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் பெட்டியைத் தெரிவுசெய்யும் போட்டி ஒன்று நடந்தது. பெயர் வேண்டாம். அத்தை தபாலட்டை ஒன்றை அனுப்பிவிட்டு அதை மறந்தும்விட்டார். கொழும்பிலிருந்து கடிதம் வந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயமே திரண்டுவிட்டது. இரண்டு நாள் பேர், அதாவது அந்த நாட்களின் சம்பளம், போனாலும் பரவாயில்லை என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிய சேலையுடன் இரவு ரயிலில் புறப்பட்டுப் போனார்.

மேசையில் ஐந்து பெட்டிகள் வெவ்வேறு அளவுகளில் இருந்தன. அத்தை மூன்று கேள்விகளுக்குச் சரியாக விடை சொல்லி, அவற்றுள் எல்லாவற்றிலும் நீளமான பெட்டியைத் தெரிவுசெய்தார். பெட்டியைக் கைவிட்டால் 25,000 ரூபா தருவதாகத் தொகுப்பாளர் சொன்னார். அன்று அத்தைக்கு அது பல மாதச் சம்பளம். அத்தை மறுத்தார். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். பெட்டிக்குள் விளக்குமாறு இருந்தது.

துரதிர்ஷ்டம் அதோடு முடியவில்லை. நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் வரை முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆகவே திரும்பி வந்த அத்தை வாய் திறக்கவில்லை. அவருடைய மௌனத்தை எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். மூன்று வாரம் அவருக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக் களத்தில் கிடைத்த மரியாதையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைக்காரர் கேட்காமலேயே கடன் கொடுத்தார். தூரத்து உறவினர் ஒருவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே வீட்டின் முன் காம்பராவில் நாற்பது பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அத்தை கதவோரத்தில் நின்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. 25,000 ரூபாவை அவர் மறுத்த கட்டத்தில் அந்தக் காம்பராவிலும் எல்லாரும் கைதட்டினார்கள். நான் திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்த விளக்குமாற்றை அவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்தார். பழைய சாக்கில் சுற்றி மூன்று வாரம் மறைத்து வைத்திருந்ததை அன்றிரவு வெளியே எடுத்து, மறுநாள் காலை வாசலைக் கூட்டினார். நல்ல விளக்குமாறு, நெடுநாள் உழைத்தது.

நானுஓயா சந்தி

மேகம், வாசித்துவிட்டுச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பெண் கேட்டு வந்தவர் என்ன ஆனார் என்பதை நீங்கள் எழுதவில்லை.

அப்புத்தளை மேகம்

திங்கட்கிழமை முதல் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அத்தைக்கு நல்ல அதிர்ஷ்டம் என்று குடும்பத்தில் இன்றும் சொல்வார்கள்.

பதுளைக் கணக்கு மாஸ்டர்

மேகத்தின் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெட்டி என்றதும் நான் ஆண்டுதோறும் வகுப்பில் செய்துகாட்டும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. 'லெட்ஸ் மேக் எ டீல்' என்ற அமெரிக்க நிகழ்ச்சியிலிருந்து பிறந்த புதிர் அது. மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைத் தெரிவுசெய்கிறீர்கள். எங்கே என்ன இருக்கிறது என்பதை அறிந்த தொகுப்பாளர், மீதி இரண்டில் ஆடு உள்ள ஒரு கதவைத் திறந்துகாட்டி, உங்கள் தெரிவை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். மாற்றுவதா, நிலைத்து நிற்பதா?

1990இல் 'பரேட்' சஞ்சிகையில் மரிலின் வொஸ் சவான் என்ற பெண்மணி, மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதினார். ஏறத்தாழ 10,000 கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்களே ஆயிரம் பேரளவில் இருந்தார்கள். பெரும்பாலானோர் அவர் சொன்னது தவறு என்றே எழுதினார்கள். அவர் சொன்னதோ சரி.

என் வகுப்பில் கார் இல்லை. மூன்று தேநீர்க் கோப்பைகளைக் கவிழ்த்து, ஒன்றினடியில் ஐந்து ரூபா நாணயக் குற்றியை வைப்பேன். பிள்ளைகளை இரு அணியாகப் பிரித்து, ஓர் அணி எப்போதும் மாற்ற வேண்டும், மற்ற அணி மாற்றவே கூடாது என்று சொல்லிவிடுவேன். மணியடிப்பதற்குள் மாற்றும் அணியிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு வெற்றி சேர்ந்திருக்கும். காரணம் எளிது. முதலில் தொட்ட கோப்பையில் குற்றி இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. நான் வெறும் கோப்பை ஒன்றைத் தூக்கிக் காட்டுவதால் அந்த மூன்றில் ஒன்று பாதியாக வளர்ந்துவிடாது. மீதி மூன்றில் இரண்டும் தொடாத ஒற்றைக் கோப்பையில் போய்ச் சேர்கிறது.

இவ்வளவு விளங்கிய பிறகும் பிள்ளைகள் மாற்ற விரும்புவதில்லை. ஏன் என்று கேட்டால், மாற்றித் தோற்றால் மனம் அதிகமாக வலிக்கும் என்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அதே பதில்தான் வருகிறது.

நாவலப்பிட்டி வாசகர்

மாஸ்டர், ஒரு சிறு திருத்தம் சொல்ல அனுமதி வேண்டும். தொகுப்பாளர் எப்போதும் ஒரு கதவைத் திறந்துகாட்டியே தீருவார் என்ற நிபந்தனை இருந்தால்தான் உங்கள் கணக்குச் செல்லும். அந்த நிகழ்ச்சியை நடத்திய மொன்டி ஹால், 1991இல் நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர் ஒருவரைத் தன் வீட்டில் உட்காரவைத்து இதைத்தான் விளையாடிக் காட்டினார். செய்தியாளர் தவறான கதவைத் தொட்டால் உடனே அதைத் திறந்து ஆட்டைக் கொடுத்துவிடுவார். சரியான கதவைத் தொட்டால் மட்டும் மாற்றிக்கொள்ளும்படி ஆசை காட்டுவார். அப்படிப்பட்டவரிடம் மாற்றுகிறவர் ஒவ்வொரு தடவையும் தோற்பார்.

ஆகவே மேகத்தின் அத்தை கணக்குப் போட்டிருந்தாலும் பயனில்லை. 25,000 ரூபா கொடுக்க முன்வந்தவர், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து அதைச் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? விளக்குமாறு என்று தெரிந்திருந்தும் அவர் பணம் கொடுக்க முன்வந்தார் என்றால், அத்தை ஒரு நல்ல மனிதரைச் சந்தேகித்துவிட்டார் என்று ஆகும். எனக்கு அதுதான் இந்தக் கதையின் மிகப் பெரிய சோகமாகப் படுகிறது.

பதுளைக் கணக்கு மாஸ்டர்

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். தொகுப்பாளரின் மனத்தை வாசிப்பது என் பாடவிதானத்தில் இல்லை.

நுவரெலியா காசாளர்

நான் வங்கியில் வேலைசெய்கிறவன். அதனால் 'டீல் ஓர் நோ டீல்' வகைப் போட்டிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். சன் தொலைக்காட்சியில் 'டீலா நோ டீலா' என்று நம்மில் பலர் பார்த்ததும் அதுவே. கேள்வியே கிடையாது, தனக்கென ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மற்றப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, மீதியுள்ள தொகைகளைப் பார்த்து வங்கியாளர் அந்தப் பெட்டிக்கு ஒரு விலை சொல்வார். ஒப்புக்கொள்வது, மறுப்பது என்ற இரண்டைத் தவிரப் போட்டியாளருக்கு வேறு வேலையில்லை. தூய அதிர்ஷ்டம் என்று இதைத்தான் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன்.

பின்னர் 2008இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தேன். அதை எழுதிய நால்வரில் ஒருவரான ரிச்சர்ட் தேலர் 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். நெதர்லாந்து நிகழ்ச்சியில் கலந்துகொண்ட பிராங்க் என்பவரின் ஆட்டத்தை அதில் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் வங்கியாளர் 75,000 யூரோ தருவதாகச் சொன்னார்; பிராங்க் மறுத்தார். அடுத்த சுற்றிலேயே 5 இலட்சம் யூரோ இருந்த பெட்டியைத் திறந்துவிட்டார். மீதியிருந்த பெட்டிகளின் சராசரி 2,500ஐ ஒட்டி விழுந்தது. வங்கியாளர் 2,400 யூரோ என்றார். அதையும் மறுத்தார். கடைசியில் இரண்டே தொகைகள் எஞ்சின: 10,000 யூரோவும் 10 யூரோவும். வங்கியாளர் 6,000 கொடுக்க முன்வந்தார். சராசரியை விட அதிகம்! எந்த வங்கியும் அப்படி ஒரு சலுகை தராது என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். பிராங்க் அதையும் மறுத்தார். பெட்டிக்குள் 10 யூரோ இருந்தது.

5 இலட்சம் யூரோ பெட்டியைத் திறந்தது துரதிர்ஷ்டம், அதில் ஐயமில்லை. அதற்குப் பின் நடந்தவற்றை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழந்ததை மீட்டே தீருவேன் என்று நின்றவருக்கு, கண்முன் இருந்த 6,000 யூரோ பணமாகவே தோன்றவில்லை. லொத்தர்க் கடையில் தோற்ற கையோடு இன்னொரு சீட்டைச் சுரண்டும் மனிதர்களை நுவரெலியா பஸ் நிலையத்தில் தினமும் பார்க்கிறேன்.

ஹாலிஎல ஆசிரியை

பெட்டிகளை விட்டு மொழிக்கு வருகிறேன். 2014இல், மறைந்திருக்கும் எழுத்துகளைக் கண்டுபிடித்துச் சொற்றொடரைச் சொல்லும் 'வீல் ஒப் போர்ச்சூன்' நிகழ்ச்சியில் அமெரிக்க மாணவர் ஒருவருக்கு முன்னால் விடை முழுவதும், ஓர் எழுத்துக் கூட மறையாமல், பலகையில் தெரிந்தது. அதைச் சரியாக வாசித்தால் போதும். பத்து இலட்சம் டொலர் பரிசுக்கான வாய்ப்பும் அவர் கையில் இருந்தது. அக்கிலீஸ் என்ற கிரேக்க வீரனின் பெயரை அவர் 'அச்சில்லஸ்' என்று உச்சரித்தார். விடை தள்ளுபடியாயிற்று. எங்கள் பிள்ளைகள் புத்தகத்தில் மட்டும் பார்த்த ஆங்கிலச் சொற்களைக் கொழும்பு மேடைகளில் உச்சரித்துவிட்டுத் தலைகுனிந்து வருவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். காதால் கேட்க வாய்ப்பில்லாத சொல்லைக் கண்ணால் மட்டும் கற்றவனின் தோல்வியைத் துரதிர்ஷ்டம் என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது எனக்குச் சம்மதமில்லை.

நேர்மாறாக இரண்டு கணங்கள் நினைவிருக்கின்றன. 2021இல் 'சிரச லக்ஷபதி' என்ற சிங்கள வினாடிவினாவில் காலியைச் சேர்ந்த முஸ்லிம் மாணவி ஒருவர் தெளிவான சிங்களத்தில் பேசி, வரலாற்றையும் இலக்கியத்தையும் விளக்கிச் சொல்லி விடையளித்தபோது நாடே அதைப் பகிர்ந்துகொண்டது. அதற்கு முந்திய ஆண்டு சனவரியில், ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி'யில், செவிப்புலனும் பேச்சும் இல்லாத கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி இந்திய ரூபா வென்றார். அந்த இறுதிக் கணத்தில் அரங்கமே கத்தியது. அவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது, ஆனால் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார். என் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நானும்தான்.

நானுஓயா சந்தி

பிரித்தானிய மேஜர் சார்ள்ஸ் இங்கிராமை எவரும் சொல்லவில்லையே! 2001இல் 'ஹூ வோன்ட்ஸ் டு பீ எ மில்லியனெயர்' போட்டியில் பத்து இலட்சம் பவுண் கேள்வி வரை போனார். சரியான விடை வரும்போதெல்லாம் அரங்கில் யாரோ இருமினார்கள். 2003இல் நீதிமன்றம் அவரையும் மனைவியையும் இருமியவரையும் குற்றவாளிகள் என்றது. பணம் கொடுக்கப்படவில்லை. நம் ஊர்க் குளிரில் அப்படி ஒரு நிகழ்ச்சி நடத்தினால், இருமலுக்கு வழக்குப் போட்டு முடியாது.

கொட்டகலைக்காரன்

சந்தி, அது மோசடி வழக்கு. அதிர்ஷ்டத்தோடு சேர்க்க முடியாது. இருந்தாலும் இருமலை ரசித்தேன்.

லார்சனைத் தொடங்கிவைத்தவன் என்ற முறையில் அவருடைய மீதிக் கதையையும் சொல்லவேண்டும். ஒரு வானொலி நிலையம் ஒரு டொலர்த் தாளின் தொடர் இலக்கத்தை அறிவித்து, அந்தத் தாளைக் கொண்டுவருபவருக்குப் பரிசு என்றது. லார்சன் வென்ற பணத்தில் பெரும் பகுதியை ஒரு டொலர்த் தாள்களாக மாற்றி வீட்டில் குவித்து, ஒவ்வொன்றாக இலக்கம் பார்த்தார். ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது வீடு உடைக்கப்பட்டு ஏறத்தாழ 50,000 டொலர் திருடப்பட்டது. ஐந்து ஒழுங்குகளைக் கண்டுபிடித்த அதே பொறுமைதான் அவரை அந்தத் தாள்களின் முன்னாலும் உட்காரவைத்தது. ஆனால் வானொலியின் இலக்கத்துக்கு எந்த ஒழுங்கும் இல்லை. 1999இல் அவர் இறந்தார்.

பீகாரின் மோத்திஹாரியைச் சேர்ந்த சுஷில் குமாரையும் இங்கே சேர்க்கிறேன். 2011இல் அமிதாப் பச்சனின் நிகழ்ச்சியில் 5 கோடி வென்றபோது உலகமே அவரை அதிர்ஷ்டசாலி என்றது. 2020இல் அவரே எழுதினார்: வென்ற பின் வந்த ஆண்டுகள்தான் தன் வாழ்க்கையின் மிக மோசமான காலம்; தானம் என்று கேட்டு வந்தவர்களிடம் ஏமாந்தது, குடிப்பழக்கம், மனைவியோடு மனக்கசப்பு. அதிலிருந்து மீண்டு செண்பக மரக்கன்று நட்டுக்கொண்டிருக்கிறார் என்று வாசித்தபோது, அந்த மனிதரை முதன்முதலாக எனக்குப் பிடித்தது. மோத்திஹாரி இருக்கும் சம்பாரண் பகுதியின் பெயரே செண்பகத்திலிருந்து வந்தது என்பார்கள்.

அப்புத்தளை மேகம்

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை அத்தையின் வீட்டுக்குப் போய், இந்த இழையை முதலிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிராங்கின் கதைக்கு உச்சுக் கொட்டினார். நாவலப்பிட்டி வாசகரின் கேள்விக்கு, அந்தத் தொகுப்பாளர் நல்ல பிள்ளைதான், மறுத்தபோது அவர் முகம் வாடியது தனக்குத் தெரிந்தது, ஆனால் அதற்குள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள் என்றார்.

லார்சன் கதையை மட்டும் இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு, இத்தனை ஆண்டுகளாக எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். நீளமான பெட்டியை அவர் தெரிவுசெய்தது, பரிசுகளில் ஒன்றான குளிர்சாதனப் பெட்டி பெரிய பொருளாயிற்றே, பெரிய பெட்டியில்தானே இருக்கும் என்று எண்ணியதால். ஒளிபரப்பான அன்று, அவருடைய ஆட்டம் முடிந்த கையோடு அடுத்த போட்டியாளர் வந்தார். அவர் தயங்காமல் எல்லாவற்றிலும் சின்னப் பெட்டியைக் கேட்டார். அதற்குள் ஒரு கடித உறை. உறைக்குள் குளிர்சாதனப் பெட்டியின் படம். வாராவாரம் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது என்பது அத்தைக்கு அந்த முன் காம்பராவில்தான் தெரியவந்ததாம். நிகழ்ச்சி மாலை நாலரைக்கு ஒளிபரப்பாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனவர் அந்த நேரத்தில் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார்.

மாஸ்டருக்கு ஒரு செய்தியும் அனுப்பியிருக்கிறார். கோப்பை விளையாட்டில் குற்றியை மாஸ்டர் பெரும்பாலும் நடுக்கோப்பையில்தான் வைப்பாராம். மாஸ்டரிடம் படித்த பிள்ளை ஒன்று சொல்லியிருக்கிறது.

பதுளைக் கணக்கு மாஸ்டர்

அந்தப் பிள்ளையின் பெயரைத் தயவுசெய்து சொல்லுங்கள்.